பூட்டுச் சின்னத்துக்கு உள்ளே ஒரு திருடன்

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னத்தைக் கண்டதும், வங்கிப் பக்கம் பாதுகாப்பானது என்று பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். முகவரியில் உள்ள தளத்தோடுதான் இணைந்திருக்கிறோம், உலாவியிலிருந்து சர்வர் வரை செல்லும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் (அதைப் புரியாத வடிவமாக மாற்றும் முறை) காக்கிறது என்பவற்றுக்கு மேல் அந்தச் சின்னம் எந்த உறுதியும் தருவதில்லை. வழிப்பறிக்காரனைத் தடுக்கும் அந்த ஏற்பாடு, புறப்படும் வீட்டுக்குள்ளேயே திருடன் இருந்தால் பயன்படாது.

2007இல் கண்டறியப்பட்ட ஸியூஸ் என்னும் தீநிரல் (தீங்கு செய்யவே எழுதப்பட்ட நிரல்) அப்படித்தான் இயங்கியது. விண்டோஸ் கணினியில் புகுந்து உலாவியோடு தன்னைப் பிணைத்துக்கொண்ட அது, பயனாளர் தட்டச்சு செய்த கடவுச்சொல்லைக் குறியாக்கத்துக்குச் சற்று முன்னர் நகலெடுத்தது. வங்கியின் உண்மையான பக்கத்திலேயே, வங்கி ஒருபோதும் கேட்காத விவரங்களைக் கேட்கும் கட்டங்களையும் செருகியது. முகவரியும் சரி, பூட்டும் சரி, பக்கம் மட்டும் பொய். 2009இல் வெளிப்பட்ட யூஆர்எல்ஸோன் என்னும் தீநிரல் அதற்கும் மேலே போய், பணத்தை எடுத்த பிறகு திரையில் தெரியும் கணக்கு இருப்பையும் திருத்திக் காட்டியது. 2011இல் ஸியூஸின் மூல நிரல் கசிந்ததால், அதிலிருந்து புதிய வகைகள் பல கிளைத்தன.

ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓடிபி, இதைத் தடுக்காதா என்ற கேள்வி எழலாம். பயனாளர் ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது, தீநிரல் பெறுபவரின் கணக்கு எண்ணையும் தொகையையும் பின்னணியில் மாற்றிவிட்டுத் திரையில் பழையவற்றையே காட்டினால், அவர் தம் கையாலேயே திருட்டுக்கு ஒப்புதல் எண்ணைத் தருகிறார். ஆகவேதான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பர் 14 முதல், இணையவழிக் கட்டணங்களுக்கான ஒப்புதல் எண் குறிப்பிட்ட தொகையோடும் பெறுபவரோடும் இணைந்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் வேறொரு கருவியில் தெரிந்தால், கணினி சொல்லும் பொய்யை அங்கே பிடிக்கலாம்; ஆனால் நாமோ குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் படிப்பதே இல்லை.

அந்த இரண்டாவது கருவியான கைபேசியும் கெட்டுப்போகக்கூடும். ஆண்ட்ராய்டில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பிறருக்கும் உதவுவதற்காக அமைந்த அணுகல் வசதி, திரையைப் படிக்கவும் பயனாளருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் ஒரு செயலிக்கு அதிகாரம் தருகிறது. டார்ச் விளக்குச் செயலியோ பார்சல் தகவல் செயலியோ அந்த அனுமதியைக் கேட்டால் உடனே நீக்கிவிடுவது நல்லது. என் கணிப்பில், கைபேசியின் அனுமதிகளிலேயே மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் ஆபத்து இதுதான். குறுஞ்செய்தி இணைப்பின் வழியே வரும் செயலிகளை நிறுவாமல் இருந்தாலே இத்தகைய தீநிரல்களின் முக்கிய வாசல் அடைபடும்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்துள்ள பாஸ்கீ எனப்படும் உள்நுழைவு முறை உண்மையான இணையதள முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், போலித் தளத்தில் அது வேலை செய்யாது. ஆயினும் உள்நுழைந்த பிறகு உலாவிக்குள்ளிருந்து நடக்கும் மாற்றத்தையோ, தொலைபேசியில் அதிகாரிபோல் பேசி நம்மையே பணம் அனுப்பவைப்பவரையோ அதனால் தடுக்க இயலாது. அப்படி ஏமாந்தது தெரிந்தால், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியை உடனே அழைக்க வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த முதல் கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்கும் வாய்ப்பு மிஞ்சும்.