பாட்டிலுக்குள்ள விஸ்கிக்கு வயசு ஏறாதுங்க!

போன சனிக்கிழமை ஒரு பெரியவர் வந்தாரு. நான் வேலை பாக்கறது கிளாஸ்கோவுல, பழைய ஸ்காட்ச் பாட்டில்களை ஏலத்துக்கு எடுக்கறதுக்கு முன்னாடி பாத்து, அசலா போலியா, நிலைமை எப்படி, என்ன விலை போகும்னு சொல்ற வேலை. பெரியவர் ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர், பழைய ஸ்வெட்டருக்குள்ள கைக்குழந்தைய சுத்தற மாதிரி ஒரு பாட்டிலை சுத்திக் கொண்டு வந்திருந்தாரு. நல்ல ஸ்பேசைட் மால்ட், அதாவது ஸ்காட்லாந்துல ஸ்பேசைட் பகுதில முளை கட்டின பார்லியை மட்டும் வச்சு வடிச்ச விஸ்கி. லேபிள்ல 1967ல வடிச்சது, 18 வருஷம்னு போட்டிருக்கு. 1986ல மகள் பொறந்தப்போ வாங்கினதாம், இப்ப அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம், வித்தா செலவுக்கு ஆகும்னு வந்திருக்காரு.

"இது 58 வருஷ விஸ்கி தம்பி"ன்னாரு.

நான் உடனே பதில் சொல்லல, ஏன்னா பாட்டிலுக்குள்ள விஸ்கி எவ்வளவு உயரம் நிக்குதுங்கற லெவல் மேலதான் என் கண்ணு இருந்துச்சு. கழுத்துல நிக்க வேண்டிய விஸ்கி தோளுக்கும் கீழ இறங்கியிருக்கு. மூடிய லேசா தொட்டேன், கார்க் டீயில முக்கின பிஸ்கட் மாதிரி உதிருது. 39 வருஷமா நிலவறைல வைன் பாட்டில்களோட சேத்து படுக்க வச்சிருந்திருக்காரு! நல்ல சரக்கைப் படுக்கப் போட்டுத்தான் வைக்கணும்னு மச்சான் சொன்னாராம். ஒழுங்கா நிமித்தி வச்சிருந்தா சில ஆயிரம் பவுண்டு போயிருக்க வேண்டிய பாட்டில். இந்த மாசத்துல இந்த மாதிரி இது நாலாவது, அதான் பொறுக்க முடியாம எழுதறேன்.

முதல்ல அந்த 58. தயவு செஞ்சு இதை மட்டுமாவது மனசுல வாங்கிக்கோங்க, பாட்டிலுக்குள்ள போன விஸ்கிக்கு வயசு ஏறாது. ஏறவே ஏறாது. நம்ம ஆளுங்களுக்கு ஊறுகாய் ஜாடிய பாத்துப் பாத்து, பழைய புளிய பாத்துப் பாத்து, வைக்க வைக்க எல்லாமே ஊறும்னு ஒரு நினைப்பு, இங்க ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு வைனைப் பாத்து அதே நினைப்பு. விஸ்கி ஊறறது ஓக் மரப் பீப்பாய்ல. சட்டமே அப்படித்தான், 700 லிட்டருக்கு மேல போகாத ஓக் பீப்பாய்ல, ஸ்காட்லாந்துலயே, குறைஞ்சது 3 வருஷம் இருந்தாத்தான் ஸ்காட்ச்னு பேரே வைக்க முடியும். நிறம், மணம், காரம் அடங்கறது எல்லாம் மரத்தோட வேலை. கண்ணாடிக்கு அந்த வேலை தெரியாது. லேபிள்ல போடற வயசும் பீப்பாய்ல இருந்த வயசுதான், அதுலயும் கலந்ததுல இளசு எதுவோ அதோட வயசு. 1974ல பாட்டில்ல அடைச்ச 12 வருஷ மால்ட் இன்னைக்கும் 12 வருஷம்தான், உங்க பேரன் திறந்தாலும் 12 வருஷம்தான்.

இன்னும் சந்தேகமா? மக்காலன்ங்கற ஸ்காட்ச் கம்பெனியோட 1926 பாட்டில் ஒண்ணு, 2023 நவம்பர்ல லண்டன் சோத்பீஸ் ஏலத்துல கிட்டத்தட்ட 22 லட்சம் பவுண்டுக்குப் போச்சே, அந்த நியூஸ் வந்ததுல இருந்துதான் ஆளாளுக்குப் பரண்ல ஏறித் தேட ஆரம்பிச்சீங்க. அதை 1926ல வடிச்சாங்க, 1986ல பாட்டில்ல அடைச்சாங்க, மொத்தமே 40 பாட்டில். அதோட வயசு 60. ஏலம் விட்ட அன்னைக்கு 97ன்னு யாரும் சொல்லல. அதுக்கே விக்கறதுக்கு முன்னாடி மக்காலன்காரங்க பழைய கார்க்கை எடுத்துட்டுப் புதுசு போட்டு, லேபிள் மூலைக்குப் பசை வச்சு, ஒரு மில்லி எடுத்து சோதிச்சுட்டுத்தான் அனுப்புனாங்க. அவ்வளவு விலை போன பாட்டிலுக்கே கார்க் போயிடுது, உங்க வீட்டு பாட்டில் எம்மாத்திரம்.

அப்ப பழைய பாட்டிலுக்கு ஏன் விலைன்னு அடுத்த கேள்வி வரும். இனிமே கிடைக்காதுங்கறதுக்குத்தான் விலை. போர்ட் எலன், ப்ரோராங்கற ரெண்டு விஸ்கி ஆலையையும் 1983ல மூடினாங்க, இப்ப திரும்பத் திறந்துட்டாலும் அந்தக் காலத்துல வடிச்சது வேற, இப்ப வடிக்கறது வேற. பல வருஷம் பாட்டில்ல இருந்தா ருசி லேசா மாறும்கறது உண்மைதான், எங்க ஆளுங்கள்ல சிலபேர் அந்தப் பழைய பாட்டில் வாசனைக்கே உயிரை விடுவாங்க, எனக்கு அதுல பாதி ஈரத் துணி வாசம்தான் வருது. ஆனா அதுக்குப் பேரு வயசு இல்ல.

இந்த "பழசுன்னா தங்கம்"ங்கற நினைப்புதான் போலிக்காரனுக்கு சோறு போடுது. சுவிட்சர்லாந்துல செயின்ட் மோரிட்ஸ்ல ஒரு ஹோட்டல் பார், 2017ல 1878ன்னு லேபிள் போட்ட மக்காலன்ல ரெண்டு சென்டிலிட்டர் ஊத்தி 9,999 ஃப்ராங்க் வாங்கினாங்க. அப்புறம் சந்தேகம் வந்து சோதிச்சுப் பாத்தா 1970ஐ ஒட்டி வடிச்சது, அதுலயும் சுத்த மால்ட் கூட இல்ல, பிளெண்டாம், அதாவது மால்ட்டோட வேற தானிய விஸ்கியும் கலந்தது. ஹோட்டல்காரங்களே காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, அது பெரிய மனசு. 2018ல இங்க ஸ்காட்லாந்து ஆராய்ச்சிக்கூடத்துல 55 அரிய பாட்டிலைக் கார்பன் டேட்டிங் பண்ணி, அதாவது உள்ள இருக்கற கார்பனை வச்சு வயசைக் கண்டுபிடிச்சுப் பாத்தாங்க, அதுல 21 போலி, இல்லன்னா சொன்ன வருஷத்துல வடிக்காதது. அணுகுண்டு சோதனைகளுக்கு அப்புறம் விளைஞ்ச பார்லியைக் காட்டிக் கொடுத்துடும் அந்த சோதனை. 19ஆம் நூற்றாண்டுல டிஸ்டில்லரிங்க, அதாவது விஸ்கி வடிக்கற ஆலைங்க, தன் பேர்ல சிங்கிள் மால்ட் (ஒரே ஆலைல வடிச்ச மால்ட்) அடைச்சு வித்ததே ரொம்பக் கம்மிங்க, பெரும்பாலும் பிளெண்டுக்குத்தான் போச்சு. யாராவது 1890 மால்ட்னு நீட்டினா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க.

லேப் எல்லாம் வேண்டாம், பாதி போலி கண்ணுலயே மாட்டும். பிரிட்டனுக்குள்ள வித்த 60கள் பாட்டில்னா 26⅔ ஃப்ளூயிட் அவுன்ஸ், 70 ப்ரூஃப்னு போட்டிருக்கும், இன்னைக்கு நாம சொல்ற 40 சதவீதம்தான் அந்த 70 ப்ரூஃப். இங்க சதவீதக் கணக்கு வந்ததே 1980ல. 70 சென்டிலிட்டர் பாட்டில் 90கள் ஆரம்பத்துலதான் வழக்கமாச்சு, அதுக்கு முன்னாடி 75. போன வருஷம் ஒருத்தர் "1955, எங்க தாத்தாவோடது"ன்னு கொண்டு வந்த பாட்டில் பின்னாடி பார்கோடு! நான் சிரிக்கல, சத்தியமா, டீ போட்டுட்டு வரேன்னு உள்ள போயிட்டேன். ஒரு சின்ன யூவி டார்ச் வாங்கி வச்சுக்கோங்க, 1900ன்னு சொல்ற லேபிள் அந்த வெளிச்சத்துல வெள்ளை சட்டை மாதிரி பளீர்னு நீலமா அடிச்சா காசைப் பத்திரமா பாக்கெட்லயே வச்சுக்கோங்க. பேப்பர்ல அப்படி அடிக்க வைக்கற வெளுப்பு மருந்து சேந்தது ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம்தான்.

அப்புறம் பெல்ஸ்ங்கற விஸ்கி கம்பெனியோட அந்த மணி. ஐயோ. சார்லஸ் டயானா கல்யாணத்துக்கு 1981ல விட்ட மணி மாதிரி பீங்கான் டிகாண்டர், அதாவது விஸ்கி ஊத்தி வச்ச அலங்கார ஜாடி. அது மால்ட் இல்ல, பிளெண்டு. ஏகப்பட்டது போட்டாங்க, ஸ்காட்லாந்துல அது இல்லாத ஷோகேஸ் இருக்கான்னு எனக்கு சந்தேகம். அதை வச்சு வீட்டுக்கடனை அடைக்கலாம்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. சாப்பாட்டுக்கு வேணா ஆகும். பீங்கான்ல உள்ள எவ்வளவு இருக்குன்னு வேற தெரியாது, சீல் அப்படியே இருக்கும், உள்ள பாதி ஆவியா போயிருக்கும், அதனால யாராவது வித்தா தராசுல வச்ச போட்டோ கேளுங்க.

இனி வைக்கற விதம். நிமித்தி வைங்க. படுக்க வைக்கறது வைனுக்கு, விஸ்கில இருக்கற ஆல்கஹால் கார்க்கை அரிச்சுடும். ஜன்னல் ஓரம் வேண்டாம், ரேடியேட்டர் பக்கம் வேண்டாம், சூடும் குளிரும் மாறி மாறி வர பரண் வேண்டவே வேண்டாம். பெட்டிய தூக்கிப் போடாதீங்க, பில்லையும்தான். மூடி மேல பாராஃபிலிம்ங்கற இழுபடற மெழுகுத் தாளைச் சுத்தி வைக்கலாம், லேபுக்கு சாமான் விக்கற கடைல சல்லிசா கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை லெவல் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. கெஞ்சிக் கேக்கறேன், ஈரத் துணி போட்டு லேபிளைத் துடைக்காதீங்க! ஏலத்துக்குத் தர்றதுக்கு முன்னாடி "நீட்டா இருக்கட்டும்"னு ஒரு அம்மா தேய்ச்சுத் தேய்ச்சு 60கள் லேபிள்ல பாதி எழுத்தைக் காணாம ஆக்கிட்டாங்க. தூசியோட கொண்டு வாங்க, அதைப் பாத்துக்கறது என் வேலை.

பெரியவர்கிட்ட பாட்டிலை ஏலத்துக்கு எடுக்க முடியாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்வெட்டரையே மடிச்சுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் குடிக்கவாவது ஆகுமான்னு கேட்டாரு. மோந்து பாத்தேன், கார்க் வாசம் லேசாத்தான், விஸ்கி இன்னும் செத்துப் போகல. காபி ஃபில்டர் பேப்பர்ல வடிச்சு சுத்தமான கண்ணாடி பாட்டில்ல மாத்தி, இறுக்கமா மூடி, கல்யாணத்தன்னைக்கே காலி பண்ணிடச் சொன்னேன். காலி பாட்டிலை என்ன பண்றதுன்னாரு. லேபிளைக் குறுக்கால நல்லா கீறிட்டுப் போடுங்க, முழுசா இருந்தா எவனாவது எடுத்து மலிவு சரக்கை ஊத்தி, அடுத்த வருஷம் என் மேஜைக்கே கொண்டு வருவான்னேன்.