ஆன்டிஜென்: எதிர்மரபணு அல்ல

ரங்கூனில் ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நர்சிங் படிக்கும் மாணவி ஒருத்தி போன மழைக்காலத்தில் மலேரியா பரிசோதனை அட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம், மேலே சில துளி கரைசல், கால் மணி நேரத்தில் கோடு விழும். பக்கத்தில் அவள் நோட்டு. அதில் ‘ஆன்டிஜென் = எதிர்மரபணு’ என்று எழுதியிருந்தாள். “சரியா ஐயா?”

சரியில்லை. ஆனால் தவறு எங்கே பிறந்தது என்பது தெளிவு. ‘ஜென்’ என்ற ஒலி ‘ஜீன்’ போலக் கேட்கிறது. மரபணுவைக் குறிக்கும் ஜீன் என்ற சொல்லை டென்மார்க்கின் யோஹான்சன் தந்தது 1909இல். ஆன்டிஜென் அதற்குப் பத்து வருடம் மூத்தது: ஹங்கேரிய மருத்துவர் லாஸ்லோ டெட்ரே 1899இல் எழுதினார். இந்த ‘ஜென்’, ஆக்சிஜன், ஹைட்ரஜனில் வருகிற அதே கிரேக்க விகுதி. ‘உண்டாக்குவது’ என்று பொருள். முன்னால் உள்ள ‘ஆன்டி’ ஆன்டிபாடியின் சுருக்கம்; கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம் அது. ஆக, ஆன்டிபாடியை உண்டாக்க வைப்பது எதுவோ அதுவே ஆன்டிஜென்.

தமிழில் ஆன்டிபாடியை எதிர்ப்பொருள் என்கிறோம்; பிறபொருளெதிரி என்றும் வழங்குகிறது. அதை ஒட்டி ஆன்டிஜெனைப் பிறபொருளெதிரியாக்கி என்று எழுதுவார்கள். இலக்கணம் பழுதில்லை, ஆனால் வாயில் நுழைய மறுக்கிறது. எனக்குப் பிடித்தது ‘எதிர்ப்பொருள் தூண்டி’. செய்கிற வேலையைப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்த அட்டையில் கண்ணுக்குத் தெரியாமல் பூசி வைத்திருப்பது எதிர்ப்பொருள். ரத்தத்திலிருந்து அது பிடித்து வைப்பது மலேரியா ஒட்டுண்ணியின் தூண்டி.

அப்புறம் அவள் கேட்டாள்: “மலேரியாவுக்கு ஒரே தூண்டிதானா?” இல்லை, பல புரதங்கள் உண்டு, ஒரே புரதமும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதம் ஒன்றின் வகைகளுக்குக் கே1, மேட்20 என்று பெயர். மேட்20 பப்புவா நியூகினியின் மதாங்கிலிருந்து வந்தது. கே1 தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போட்ட இடம் அது. மலாயாவிலிருந்து கொண்டுபோன நம் தமிழர் ஆயிரமாயிரம் பேர் மாண்டது அந்தப் பாதையில்தான், மலேரியாவும் கொன்றது. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதை மாலி நாட்டில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த ஒரு தடுப்பூசி காட்டியது. 2011இல் முடிவு வந்தது. தடுப்பூசியில் இருந்த வகையோடு ஒத்துப்போன ஒட்டுண்ணி தந்த காய்ச்சலை அது 64 சதவீதம் தடுத்தது. எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தால் 17 சதவீதம்தான். உடல் கற்றுக்கொண்டது ஒரு முகத்தை. வந்தது வேறு முகம்.

மரபணு என்ற சொல் இந்தக் கதைக்குள் வர வேண்டிய இடம் இதுதான். தூண்டி மரபணு அல்ல. இங்கே அது மரபணு எழுதித் தருகிற புரதம். எழுத்து மாறினால் தூண்டி மாறும், எழுத்தே தொலைந்தால் தூண்டியும் இல்லை. பெருவின் அமேசான் பகுதியில், அட்டை தேடுகிற புரதத்துக்கான மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் இருப்பது 2010இல் வெளியானது. ரத்தத்தில் மலேரியா இருக்கும். அதை மட்டும் தேடுகிற அட்டையில் கோடு விழாது.

அவள் ‘எதிர்மரபணு’வை அடித்துவிட்டு, மேலே ‘எதிர்ப்பொருள் தூண்டி’ என்று எழுதிக்கொண்டாள்.