நீச்சல் குளத்தைச் சுற்றித் தளம் போடுமுன் மண்ணைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், இந்தப் பக்கம் கோபாலபுரம், பொள்ளாச்சி என்று கேரள-தமிழக எல்லையின் இரு பக்கமும் தோப்பு வீடுகளில் நீச்சல் குளம் கட்டுவது பெருகிவிட்டது. சிலர் பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டுகிறார்கள், சிலர் ஹோம்ஸ்டே நடத்தக் கட்டுகிறார்கள். கட்டட வேலையில் இருக்கிற என்னிடம் குளத்தின் ஆழம், மோட்டார், ஃபில்டர் என்று நிறையக் கேட்பவர்கள், குளத்தைச் சுற்றிப் போடும் கான்கிரீட் தளம் என்று வந்தால் டிசைனும் கலரும் மட்டும்தான் பேசுவார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இப்படி அச்சுப் பதிச்ச மாதிரி வேணுங்க" என்பார்கள். குளத்துக்குத் தோண்டிய மண்ணை என்ன செய்தீர்கள் என்பதுதான் என்னுடைய முதல் கேள்வியாக இருக்கும்.

விரிசல் விட்டது, ஒரு மூலை இறங்கியது, மழைத்தண்ணீர் குளத்துக்குள்ளேயே வடிகிறது என்று கூப்பிட்டுக் காட்டிய தளங்களில் பெரும்பாலானவற்றில் கான்கிரீட் நன்றாகவே இருந்தது. கெட்டது அதற்கு அடியில்.

கேரளத்தில் பெரும்பகுதி செம்மண்ணும் வெட்டுக்கல்லும்தான். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா மட்டும் விதிவிலக்கு. அங்கே கரிசல் மண் உண்டு. மலையின் மழை மறைவில் இருப்பதால் அந்தக் கிழக்கு ஓரத்தில் மழையும் குறைவு. வெயில் காலத்தில் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்ததும் ஊதிக்கொள்ளும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் பல இடங்களில் இதே மண்தான். தோப்புக்குத் தோப்பு மண் மாறும். பக்கத்துத் தோட்டத்தில் செம்மண் இருந்தது என்பது உங்கள் இடத்துக்குச் சாட்சி ஆகாது.

வீட்டுக்கு அஸ்திவாரம் ஆழமாகப் போகிறது, மேலே சுவரும் கூரையும் அழுத்துகின்றன. குளம் நிறையத் தண்ணீரோடு கனமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தளமோ 4 அங்குலக் கனம். சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோதான் அதன் எடை. கரிசல் மண் ஈரம் குடித்து ஊதும்போது மேல்நோக்கித் தள்ளும் விசை சதுர மீட்டருக்குப் பல டன் வரை போகும். வளாகத்திலேயே லேசான கட்டுமானத்தைக் கொண்டுபோய், அதிகமாக அசைகிற மண்ணின் மேல் வைக்கிறோம். அதற்கு மேல் எவ்வளவு விலையுயர்ந்த கலர் தூவினாலும் மண் விடாது.

மண்ணைச் சோதிப்பது பெரிய செலவில்லை. ஐஎஸ் 2720 என்கிற இந்தியத் தர விதியின் 40-வது பகுதியில் உள்ள சோதனை இதற்கென்றே இருக்கிறது. உலர்த்திச் சலித்த மண்ணில் 10 கிராம் எடுத்து 100 மில்லி அளவுக் குழாயில் போட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவார்கள். இன்னொரு குழாயில் அதே 10 கிராம் மண், தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்து இரண்டு குழாயிலும் மண் எந்த அளவுக்கு நிற்கிறது என்று படிப்பார்கள். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மண் எவ்வளவு ஊதும் என்பதைச் சொல்லிவிடும். அந்த வித்தியாசம் மண்ணெண்ணெய்க் குழாயின் அளவில் 35 சதவீதத்தைத் தாண்டினால் கவனம் தேவை. 50-ஐத் தாண்டினால் அந்த மண்மேல் நேராகத் தளம் போடவே கூடாது. மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பை மண் அனுப்பினால் முடிகிற காரியம். இதைச் செய்யாமல் கான்கிரீட்டுக்கு ரேட் பேசுவது வீண்.

ஊதும் மண் என்று தெரிந்தால் மூன்று வழிகள். முதலாவது, தளம் வரும் இடத்தில் 2 முதல் 3 அடி வரை கரிசலை அள்ளிவிட்டு, ஊதாத செம்மண் கிராவல் கொண்டு நிரப்பிக் கெட்டிப்படுத்துவது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரிப்படும். இரண்டாவது, அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) போட்டு, பீம் கட்டி, தளத்தை மண்ணைத் தொடாமல் தூக்கி நிறுத்துவது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்று வளர்த்தெடுத்த பைல் முறை இது. செலவு கூடும், ஆனால் நிற்கும். மூன்றாவது, கான்கிரீட் தளத்தையே விட்டுவிட்டு ஜல்லித் துகள் மேல் பேவர் கல்லோ கருங்கல் பலகையோ பதிப்பது. மண் அசைந்தாலும் நாலு கல்லைப் பெயர்த்து மட்டம் பார்த்து மறுபடி வைத்துவிடலாம். மண் மோசம், கையில் பணமும் கம்மி என்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மூன்றாவதைத்தான்.

மண் நல்ல மண்ணாகவே இருந்தாலும் குளத்தைச் சுற்றி ஒரு வளையம் எப்போதும் ஆபத்தானது. சுவர் கட்ட ஆள் நின்று வேலை செய்ய வேண்டும் என்பதற்காகக் குழியைச் சுற்றிலும் இரண்டு மூன்றடி கூடுதலாகத் தோண்டுவார்கள். சுவர் எழும்பியதும், வெளியே குவித்து வைத்த அதே மண்ணை ஜேசிபி வைத்து ஒரே தள்ளாகத் தள்ளி மூடுவார்கள். "தண்ணி கட்டி விட்டா மண்ணு தானா எறங்கிக்குமுங்க" என்று சொல்லி ஹோஸைப் போட்டுவிட்டுப் போவார்கள். மணலுக்கு அது பொருந்தும். களிமண்ணுக்கு அது எதிரி. மேலே சேறாகி மூடிக்கொள்ளும், உள்ளே பொந்து அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு மழைக்குப் பிறகு அந்தப் பொந்துகள் அமுங்கும்போது தளம் குளத்தை ஒட்டி இறங்கும்.

அந்த வளையத்தில்தான் குளத்தின் மேல்தண்ணீரை ஃபில்டருக்கு இழுக்கும் ஸ்கிம்மர் குழாய், வடிகட்டிய தண்ணீரைத் திருப்பி விடும் ரிட்டர்ன் குழாய் எல்லாம் ஓடுகின்றன. எருத்தேம்பதிப் பக்கம் ஒரு வீட்டில் மூலையில் தளம் இரண்டங்குலம் இறங்கியிருந்தது. உடைத்துப் பார்த்தால் மண்ணோடு சேர்ந்து குழாயும் இறங்கி, எல்போ என்கிற வளைவு இணைப்பின் வாயில் விட்டுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. கசிவு மண்ணை இளக்க, இளகிய மண் இன்னும் இறங்க, ஒன்றை ஒன்று வளர்த்திருக்கிறது. அங்கே விரலை விட்டால் கூழாங்கல்லும் சேறும் தளதளவென்று வந்தது.

சுற்றி நிரப்பும் மண் கிராவலாக இருக்கட்டும். அரை அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, லேசாக ஈரப்படுத்தி, பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து மண்ணைக் கெட்டிப்படுத்தும் சின்ன இயந்திரம்) ஓட்டி, அதன் பிறகே அடுத்த அடுக்கு. பெரிய ரோலரைச் சுவர் அருகே விடாதீர்கள். இடுக்கான இடத்துக்குத் திமுசுக் கட்டை போதும். முடிந்த பிறகு ஆளை விட்டுக் கடப்பாரையை ஓங்கிக் குத்தச் சொல்லுங்கள். ஒரு சாணுக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடம் இன்னும் ஆகவில்லை. குழாய்களில் தண்ணீர் அடைத்து, பிரஷர் கேஜ் மாட்டி, ஓர் இரவு விட்டு, முள் இறங்காமல் நின்ற பிறகே மண் மூட வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் அந்த வளையத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க வெறும் ஜல்லியைப் பரப்பி விட்டுவிட்டு, அடுத்த தை மாசியில் தளம் போடுங்கள். இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

ஒரு தோப்புக்காரர் என்னிடம் கேட்டார்: "ஏனுங் தம்பி, நாலு இஞ்ச் கான்கிரீட்டுக்கு இத்தனை மெனக்கெடோணுமா?"

"கான்கிரீட்டுக்கு இல்லீங்கண்ணா, கீழ இருக்கிற மண்ணுக்குத்தான்" என்றேன். வேலையை ஒரு மழை தள்ளிப் போட்டார்.

அடுத்தது இணைப்பு. குளமும் தளமும் தனித்தனியாக அசைபவை. சுவரிலிருந்து கம்பியை நீட்டித் தளத்தின் கம்பியோடு கட்டிவிட்டால் உறுதி என்று பல மேஸ்திரிமார் நம்புகிறார்கள். மண் கொஞ்சம் இறங்கினாலும் தளம் அந்தக் கம்பியில் தொங்கி, விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி நேர்கோடாக வெடிக்கும். வெப்பமும் சும்மா விடாது. கான்கிரீட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். 10 மீட்டர் தளம், காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 3 மில்லிமீட்டர். பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது கான்கிரீட்டின் மேற்பரப்பு அதற்கும் மேலே போகும். அந்த 3 மில்லிமீட்டருக்கு இடம் இல்லாவிட்டால் தளம் குளத்தின் விளிம்புக் கல்லைத்தான் தள்ளும். கல் பெயரும், அடுத்து உள்ளே ஒட்டிய டைல் விழும்.

அதனால் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவில் சுற்றிலும் அரை அங்குல இடைவெளி விடுங்கள். அதில் ஃபோம் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் அல்லது பாலிசல்பைடு சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசை) அடையுங்கள். வேலை முடிந்து கழுவிவிட்டுப் போகும்போது "ஓட்டை தெரியுதுங்க" என்று யாராவது அதில் வெள்ளை சிமெண்ட் பூசிவிடுவார்கள். கண்ணில் பட்டால் அன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள். தளத்துக்குள்ளேயும் எட்டிலிருந்து பத்தடிக்கு ஒரு வெட்டு வேண்டும், ஆழம் ஓரங்குலம். போட்ட மறுநாளைக்குள் கட்டர் ஓட வேண்டும். நாலு நாள் கழித்து வெட்டினால், விரிசல் தன் வழியை ஏற்கெனவே முடிவு செய்திருக்கும்.

தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, குளத்திலிருந்து வெளிப்பக்கமாக, 50-க்கு 1. ஐந்தடி அகலத்துக்கு ஒன்றேகால் அங்குலம். வெளி ஓரத்தில் ஒரு கால்வாய் வைத்து, தண்ணீரைத் தளத்தை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். ஓரத்திலேயே வடிந்தால் கரிசல் மண் அந்தப் பக்கம் மட்டும் ஊதும்.

இனி காற்று. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாய் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் புதுக் கான்கிரீட்டின் ஈரம் எம்மாத்திரம்? மழை இல்லாத, வானம் மூடிய ஆடி நாள் கான்கிரீட்டுக்கு நல்ல நாள் என்று நினைக்கிறோம். வெயில் இல்லாவிட்டாலும் காற்று மேற்பரப்பை உறிஞ்சிவிடும். கீழிருந்து ஈரம் மேலே வருவதைவிட வேகமாக மேலே காய்ந்தால், தேய்த்து முடிப்பதற்குள்ளேயே கீறல் கீறலாக வெடிக்கும். காற்று அடிக்கும் பக்கம் பச்சை வலை கட்டுங்கள். அடியில் உள்ள கிராவலை நனைத்து வையுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது. சாயங்காலம் காற்று அடங்கிய பிறகோ விடியற்காலையிலோ போடுங்கள். மட்டப்பலகை இழுத்ததும் பாலிதீன் ஷீட்டால் மூடி, தேய்க்கிற இடத்தை மட்டும் திறந்து வேலை செய்யச் சொல்லுங்கள்.

கான்கிரீட் கலவை எம் 25 என்கிற தரம். தண்ணீர், சிமெண்ட் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. "எளக்கமா இருந்தா நல்லா பரவும்" என்று ஒரு குடம் கூடுதலாக ஊற்றுகிறவரைத் தடுக்க ஆள் நிற்க வேண்டும். நீராற்ற, அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்க, கான்கிரீட்டுக்கான தர விதி ஐஎஸ் 456 குறைந்தது 7 நாள் கேட்கிறது. வெயிலும் வறட்சியும் உள்ள இடத்துக்கும், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கும் 10 நாள். நம் வட்டாரத்தில் இரண்டுமே பொருந்தும், 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் லாரியில் வருகிற ஊர்களில் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். நனைத்த சாக்கை விரித்து மேலே பாலிதீன் போட்டு ஓரங்களில் கல் வைத்துவிட்டால் ஒரு நாளைக்குச் சில குடம் போதும்.

மேற்பரப்பைக் கரணையால் வழுவழுவென்று இழுக்காதீர்கள், சிமெண்ட் தூவித் தேய்க்கவும் வேண்டாம். வழுக்கும், பிறகு தோலுரியும். மணியாஸ் கட்டையால் (கொத்தனார் தேய்க்கும் மரப்பலகை) தேய்த்து, தண்ணீர் மினுமினுப்பு அடங்கியதும் புதுத் தென்னஞ்சீமாற்றைக் குளத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே சீராக இழுத்தால் போதும். நடக்கிற திசைக்குக் குறுக்கே வரி விழும், தண்ணீரும் அந்த வரியோடு ஓடும். கறுப்புக் கடப்பாக் கல்லும் அடர் நிறமும் மதியத்தில் பிள்ளைகள் காலைச் சுட்டுவிடும். வெளிர் நிறமே நல்லது. பளபளப்பான கிரானைட்டைக் குளத்தருகே விடவே விடாதீர்கள். ஈரக் காலோடு ஓடுகிற குழந்தையின் தலை அந்த விளிம்பில்தான் மோதும்.

குழந்தை என்றதும் வேலியைச் சொல்ல வேண்டும். குறைந்தது 4 அடி உயரம், கம்பிக்குக் கம்பி 4 அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. வேலிக் கால்களைச் செருகுவதற்கான குழாய்த் துண்டுகளைத் தளம் போடும்போதே பதித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், புதுத் தளத்தில் துளை போட மனம் வராமல் வேலி வராமலேயே போய்விடும்.

மின்சாரத்தில் சமரசமே கூடாது. குளத்துக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, அதன் டிரான்ஸ்ஃபார்மர் குளத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் பிளக் பாயின்ட் வேண்டாம். மொத்த இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். தளத்தின் கம்பி வலை, ஏணி, கைப்பிடி, மோட்டாரின் உடல் எல்லாவற்றையும் தாமிரக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தோடு சேர்க்க வேண்டும். சுவர்க் கம்பியைத் தளத்தோடு கட்டாதீர்கள் என்றேனே, அது தாங்குவதற்கான கட்டு. இது வளைந்துகொடுக்கும் மின் இணைப்பு, அவசியம் வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு இதைச் செய்ய முடியாது என்பதால் எலக்ட்ரீசியனும் அன்று இடத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே போட்ட தளம் வெடித்தோ இறங்கியோ இருந்தால், மேலே சிமெண்ட் பூசுவதற்கு முன் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, கழுத்துவரை நனைகிற மாதிரி குளத்தின் படிக்கட்டிலேயே வையுங்கள். பக்கெட்டின் உள்மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்தி, மழை இல்லாத ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடுத்த நாள் மோட்டாரை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்த தண்ணீர் அது. குளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு உண்டு. மோட்டார் ஓடிய நாளில் இன்னும் அதிகம் இறங்கினால், கொத்தனாரைக் கூப்பிடும் முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.