‘இவங்க அப்படித்தான்’ என்று சொல்வதை நிறுத்துங்கள்: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உடல்நலம்

ஐந்து மாதங்களுக்கு முன்பு, டவுன் சிண்ட்ரோம் உள்ள 33 வயது இளைஞர் ஒருவரை அவருடைய அக்கா என்னிடம் அழைத்து வந்தார். தானாகவே குளித்து, உடுத்தி, நேரம் தவறாமல் வேலைக்குக் கிளம்பிப் பல ஆண்டுகள் பழகியவர் அவர். கடந்த ஓராண்டாகப் பேச்சு குறைந்துவிட்டது, உட்கார்ந்த இடத்திலேயே பகலில் உறங்கிவிடுகிறார், படியிறங்க அஞ்சிச் சுவரைப் பிடித்தபடி நின்றுவிடுகிறார் என்று அக்கா சொன்னார். முன்பு பார்த்த இடத்தில் கொடுத்த சீட்டில் ‘டவுன் சிண்ட்ரோம், மறதி நோயின் தொடக்கம்’ என்று எழுதப்பட்டிருந்தது. அந்த முடிவுக்கு வருமுன் ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யப்படவில்லை.

பரிசோதித்தபோது தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. இரண்டு காதுகளும் குறும்பியால் முழுமையாக அடைபட்டிருந்தன. இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. காது கேளாமல், படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல், உடம்பில் தெம்பும் இல்லாமல் ஓராண்டைக் கழித்த ஒருவருக்குத்தான் மறதி நோய் என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

சென்ற வாரம், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாய் அழைத்து வந்து, “சொன்னா கேக்க மாட்டேங்கறா டாக்டர், இந்தப் பிள்ளைங்க அப்படித்தானாமே” என்றார். அவளுடைய நடுச்செவியில் கெட்டியான நீர் தேங்கிச் செவித்திறனைக் குறைத்திருந்தது. கூப்பிட்டது அவள் காதிலேயே விழவில்லை. அந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். இருவரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

டவுன் சிண்ட்ரோம் என்பது, பெரும்பாலானவர்களிடத்தில், 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்திருக்கும் நிலை. அந்தக் கூடுதல் குரோமோசோம் கருவிலிருந்தே உடன் இருப்பது. இந்த ஆண்டு புதிதாக வந்து சேர்ந்ததன்று. நேற்றுவரை பேசியவர் இன்று பேசாமலிருந்தால், நேற்றுவரை நடந்தவர் இன்று நடக்க மறுத்தால், நேற்றும் இருந்த ஒன்றை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்ல எப்படி முடியும்? இந்த எளிய கேள்வியைக் கேட்காமல், எந்தத் தொல்லை வந்தாலும் ‘சிண்ட்ரோம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடும் பழக்கம் குடும்பங்களிடம் மட்டுமன்றி மருத்துவர்களிடமும் இருக்கிறது. சோம்பலாக இருக்கிறார் என்றால் சிண்ட்ரோம். குறட்டை விடுகிறார் என்றால் சிண்ட்ரோம். எடை கூடுகிறது, மலச்சிக்கல் இருக்கிறது, கோபம் வருகிறது என்றாலும் சிண்ட்ரோம். இவை ஒவ்வொன்றுக்கும் வேறொருவர் வந்திருந்தால் நாம் காரணம் தேடியிருப்போம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு அந்தத் தேடல் இன்னும் கூடுதலாகத் தேவை. ஏனென்றால் தைராய்டு குறைபாடு, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைபாடு, உறக்கத்தில் மூச்சு தடைபடுதல், கோதுமையில் உள்ள குளூட்டனை ஏற்காத சீலியாக் நோய் ஆகியவை இவர்களிடம் மற்றவர்களைவிட மிக அதிகமாகக் காணப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை அல்லது கட்டுக்குள் வைக்கக்கூடியவை. சரிசெய்யக்கூடியதை இயல்பு என்று சொல்லி விட்டுவிடுவதுதான் என்னை வருத்துகிறது.

மறதி நோயைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகம். அந்த நோயில் மூளையில் அமிலாய்டு என்ற பொருள் படிகிறது; அதற்குக் காரணமான புரதத்தின் மரபணு 21-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆனால் அறிகுறிகள் பெரும்பாலும் ஐம்பதுகளில்தான் வெளிப்படுகின்றன. 40 வயதுக்கு முன் அது அரிது. ஆகவே முப்பதுகளில் இருக்கும் ஒருவர் மந்தமாகிவிட்டால், தைராய்டு, காது, கண், உறக்கம், மனச்சோர்வு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய அனைத்தையும் பார்த்து முடிக்கும்வரை மறதி நோய் என்ற சொல்லை எவரும் எழுதக்கூடாது. ஐம்பது வயதுக்காரருக்கும் இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

‘இவர்களுக்கு வலி தெரியாது’ என்பது இன்னொரு கொடுமையான நம்பிக்கை. வலி தெரியும். அதைச் சொல்லத் தாமதமாகலாம், வலிக்கும் இடத்தைச் சரியாகச் சுட்ட முடியாமல் போகலாம், சொல் வராதபோது அது நடத்தையாக வெளிப்படலாம். சாப்பாட்டைத் திடீரென்று மறுப்பவரின் வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பாருங்கள். ஈறு நோய் இவர்களுக்கு இளம் வயதிலேயே வருகிறது. காதில் அடித்துக்கொள்பவரைக் கண்டிப்பதற்கு முன் அந்தக் காதைப் பரிசோதியுங்கள்.

அதேபோல, தனக்குத்தானே பேசிக்கொள்வது டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் வழக்கம். அன்று நடந்ததை நினைவில் ஓட்டிப் பார்க்கவும், மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் அது அவர்களுக்கு உதவுகிறது. அதை மட்டும் வைத்து மனநோய் என்று முடிவுகட்டி வலுவான மாத்திரைகளைத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பேச்சின் தொனி திடீரென்று மாறினாலோ, அச்சமும் தன்னையே பழித்துக்கொள்வதும் அதில் புகுந்தாலோ, கூடவே உறக்கமும் பசியும் கெட்டாலோ அது வேறு செய்தி. அப்போது உதவி தேவை.

குழந்தை பிறந்தவுடன் செய்ய வேண்டியதில் விட்டுக்கொடுக்கவே முடியாதது, ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் இதயத்தின் முணுமுணுப்பு ஓசை கேட்கவில்லை, குழந்தை நீலம் பாயாமல் சிவப்பாகவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பும் சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் உயர்ந்தே இருக்கும் முதல் வாரங்களில், இதயத்தின் உட்சுவரில் உள்ள பெரிய துளைகூட ஓசையின்றி இருக்கலாம். பெரிய துளையை அறுவை சிகிச்சையால் மூடும் காலம் பெரும்பாலும் முதல் சில மாதங்கள்தாம். அது தவறி நுரையீரல் குழாய்கள் நிரந்தரமாகத் தடித்துவிட்டால், பிறகு துளையை மூடவும் இயலாது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சுமார் 25 ஆண்டுகளாக இருந்த இவர்களின் சராசரி ஆயுள் இன்று 60 ஆண்டுகளை எட்டியிருப்பதற்கு, இந்த அறுவை சிகிச்சை பரவலானது ஒரு பெருங்காரணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைராய்டுப் பரிசோதனையைப் பிறந்தவுடனும், முதல் ஆண்டுக்குள் மீண்டும், பிறகு ஆண்டுதோறும் செய்யுங்கள். பெரியவர்களானபின் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையாவது அது தேவை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் கண் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனையில் தேறிவிட்டதால் இனிப் பார்க்க வேண்டியதில்லை என்று எண்ணாதீர்கள். காதுக் குழல் குறுகலாக இருப்பதால் அடைப்பும் நீர்த்தேக்கமும் திரும்பத் திரும்ப வரும். குறட்டை இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் ஒருமுறை உறக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். உட்கார்ந்தபடியோ, உடலை இரண்டாக மடித்தபடியோ உறங்கும் குழந்தை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். அதை விநோதப் பழக்கம் என்று படமெடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கழுத்தைப் பற்றி மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள பிடிப்பு இவர்களுக்குத் தளர்வாக இருந்து, தண்டுவடத்தை அழுத்தக்கூடும். தொல்லை எதுவும் இல்லாத குழந்தைக்கு வழக்கமாக எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நடை தடுமாறத் தொடங்கினாலோ, கை வலுவிழந்தாலோ, கழுத்து ஒருபக்கம் சாய்ந்தாலோ, சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் திறன் புதிதாகத் தவறினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருத்துவரிடம் இந்தக் கழுத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். கூட வந்தவரிடம் மட்டும் பேசாமல், முதல் கேள்வியை நோயாளியிடமே கேளுங்கள்; கேட்டுவிட்டுப் பத்து விநாடிகள் பொறுத்திருங்கள். சொல்லைப் புரிந்துகொள்ளும் அவர்களுடைய திறன் பேச்சுத்திறனைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. அவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே நாம் பேசுவது எல்லாம் அவர்கள் காதில் விழுகிறது.

அந்த 33 வயது இளைஞருக்குக் காது சுத்தம் செய்யப்பட்டது, தைராய்டு மாத்திரை தொடங்கப்பட்டது, கண்புரை இரண்டு கட்டமாக அகற்றப்பட்டது. மூன்றாம் மாதம் மீண்டும் வேலைக்குப் போனார். அவரைச் சரியான வழியில் பரிசோதிக்க எனக்குப் பெரிதும் உதவியது, அக்காவின் கைப்பேசியில் இருந்த இரண்டாண்டுக்கு முந்தைய ஒரு காணொளி. அதில் அவர் கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கி வந்து, கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லி, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்கு, முன்பு அவர் எப்படி இருந்தார் என்பது வேறு எந்த வழியிலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அவர் நடப்பதையும், பேசுவதையும், தன் வேலையைத் தானே செய்வதையும் ஐந்து நிமிடம் படமெடுத்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.