வெட்டுத்துணியில் பரிசு தைக்கும்முன் துணி எதுவென்று பாருங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தையற்கடைகளின் மேசைக்கடியில் வெட்டுத்துணி மலையாகச் சேர்ந்துவிடும். இரவிக்கைக்கு வெட்டியது போக மிஞ்சிய பட்டு, பஞ்சாபி உடுப்பிலும் பாஜு கூரோங்கிலும் விழுந்த முக்கோணத் துண்டு, லைனிங் காட்டன், பாத்திக் ஓரம் எல்லாம் அதில் இருக்கும். 'கைன் பெர்ச்சா இருக்கா?' என்று கேட்டால் சில கடைகளில் ஒரு பை நிறையச் சும்மாவே கொடுப்பார்கள். சில கடைகளில் எடைக்குப் போடுவார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காசுப்பை, தோரணம், சட்டி பிடிக்கும் துணி, குழந்தைக்குப் பொம்மை என்று தைத்துக் கொடுக்கிறவர்கள் பலர். கைப்பட தைத்த பரிசுக்கு இணை ஏது? ஆனால் இப்படித் தைத்தவற்றில் வரும் குறைகளைப் பார்த்தால், தையல் சரியில்லாமல் வந்தவை குறைவு. துணியைப் பார்க்காமல் தைத்ததால் வந்தவையே அதிகம். சூட்டில் உருகிச் சட்டியோடு ஒட்டிய துணி, ஒரே அலசலில் சிவப்பேறிய குஷன் உறை, மாதம் ஒன்றுகூட ஆகாமல் மடிப்பில் வெடித்த பட்டுப்பை... இவற்றில் சில வெறும் குறையோடு நிற்பதில்லை, கையைச் சுடும், குழந்தையின் மூச்சை அடைக்கும்.

அதனால் எதைத் தைக்கலாம் என்று முடிவுசெய்துவிட்டுத் துணியைத் தேடாதீர்கள். முதலில் துணியைப் பிரியுங்கள்.

கையால் தடவிப் பார்த்து 'இது காட்டன்தான்' என்று சொல்வது அனுபவசாலிக்கும் தவறும். கடையில் ஆர்ட் சில்க், சாஃப்ட் சில்க், காட்டன் சில்க் என்று பெயர் போட்டு வருபவற்றில் பாலியெஸ்டர் கலந்தவை நிறைய. எரித்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பீங்கான் தட்டை வைத்து, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். துண்டின் நீளவாட்டிலிருந்து நாலைந்து இழை, குறுக்குவாட்டிலிருந்து நாலைந்து இழை உருவித் தனித்தனியாக முறுக்கி, இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். இரண்டு வாட்டையும் தனியாகப் பார்க்கவேண்டும். பாவு (நீளவாட்டு இழை) பட்டாகவும் ஊடை (குறுக்குவாட்டு இழை) பாலியெஸ்டராகவும் நெய்த துணிகள் உண்டு.

காட்டன் காகிதம் எரியும் வாடையோடு சட்டென்று எரிந்து, தொட்டால் பறக்கும் சாம்பலாகும். ரேயானும் அப்படியே எரியும். பட்டு தலைமுடி கருகும் வாடை தரும். சுடரை எடுத்ததும் பெரும்பாலும் அணைந்துவிடும். நுனியில் நிற்கும் கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கி, உருகிச் சொட்டி, ஆறியபின் நசுங்காத கடினமான மணியாக நிற்கும். சொட்டும்போது விரலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், இடுக்கி இல்லாமல் செய்யாதீர்கள். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி. அதைப் பாலியெஸ்டர் கணக்கில் சேர்த்துவிடுங்கள், சந்தேகத்துக்கு இடம் வேண்டாம்.

இப்படிப் பிரித்து மூன்று பெட்டியில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. சூடு படுகிறதும் சிறு குழந்தை கையில் போகிறதும் சுத்தக் காட்டன் பெட்டியிலிருந்து மட்டும். பட்டும் ஜரிகையும் காசுப்பைக்கும் குஷன் முன்பக்கத்துக்கும். பாலியெஸ்டர் வாசல் தோரணத்துக்கு, தலைமுடி ரப்பர் பேண்டுக்கு, பையின் உள்துணிக்கு.

சாயமும் சுருக்கமும்

புதுக் காட்டன் முதல் அலசலில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கக்கூடும். 40 செ.மீ. துணியில் அது 2 செ.மீ. வரை போகும். சுருங்கிய துண்டும் சுருங்காத துண்டும் ஒட்டுத்துணியில் (பல துண்டுகளை இணைத்துத் தைத்ததில்) பக்கம்பக்கமாக இருந்தால் முதல் துவைப்பில் ஒன்று இழுக்கும், மற்றது பொங்கும். சிறிய துண்டுகளை அப்படியே வாளியில் போட்டால் பிசிறு எடுத்துச் சிக்கிக்கொள்ளும். வலைப்பையில் போட்டுக் கையால் அலசி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைக் காட்டன் துண்டை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் பத்து விநாடி அழுத்தினால் போதும். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டு இன்னும் தயாராகவில்லை. அரக்கு, கருநீலம், கறுப்பு இந்த மூன்றையும் சோதிக்காமல் விடவே கூடாது. பாத்திக்கில் கூடுதல் கவனம் வேண்டும். கைத்தீட்டுப் பாத்திக்கில் சாயம் பிடிக்க சோடியம் சிலிகேட் பூசுவார்கள். அதையும் மிச்சச் சாயத்தையும் நன்றாக அலசி எடுக்காத துணி நம் வீட்டு வாளியில்தான் சாயத்தை விடும். உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. காட்டனில் சாயம் போட்டு முடித்தபின் அது உதவாது. இழையோடு சேராத சாயம் வெளியேறித்தான் ஆகவேண்டும். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் தெளியாத துண்டை வெள்ளையோடு சேர்த்துத் தைக்காதீர்கள்.

சட்டி பிடிக்கும் துணி

அதிகம் பேர் பரிசாகத் தைப்பதும், அதிகம் பேர் தவறு செய்வதும் இதில்தான். பழைய கரித்துணிக்குப் பதிலாக அழகாக ஒன்று கொடுக்கிறோம் என்று மேலே பளபளப்பான துணியையும் உள்ளே பொம்மைக்கு அடைக்கும் பஞ்சையும் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் பாலியெஸ்டர். அடுப்பிலிருந்து இறக்கும் இரும்புச் சட்டி 200 டிகிரியைத் தாண்டியிருக்கலாம்; அந்தச் சூட்டிலேயே பாலியெஸ்டர் இளகத் தொடங்கும், 250 டிகிரி அளவில் உருகிவிடும்.

20 செ.மீ. சதுரத்தில் முடிக்க, காட்டன் வெளித்துணி 22 செ.மீ. சதுரம் இரண்டு வெட்டுங்கள். உள்ளே, தேய்ந்த காட்டன் குளியல் துண்டிலிருந்து 20 செ.மீ. சதுரம் இரண்டு. காட்டன் வாடிங் (அடுக்குக்குள் வைக்கும் பஞ்சுத் தகடு) கிடைத்தால் அதுவே இரண்டு அடுக்கு. வாங்கும்போது நூற்றுக்கு நூறு காட்டன் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 80/20 என்றால் மிச்சம் பாலியெஸ்டர். நூலும் காட்டன் நூல். மாட்டுவதற்கு 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலப் பட்டியை நாலாக மடித்துத் தைத்து ஒரு மூலையில் உள்பக்கமாகச் செருகிவிடுங்கள். வெளித்துணிகளை நல்ல பக்கம் உள்ளே வைத்து 1 செ.மீ. விட்டுச் சுற்றித் தைத்து, ஒரு பக்கத்தில் 10 செ.மீ. திறந்து விடுங்கள். மூலைகளைத் தையலுக்கு 2 மி.மீ. விட்டுச் சாய்வாக நறுக்கி, திருப்பி, உள்துணியைச் செருகி விரித்து, வாயை மூடி, மேலே 4 செ.மீ. இடைவெளியில் கோடு கோடாகத் தையுங்கள். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போகவேண்டும். ஓரத்தில் தொடங்கினால் அடிப்பக்கத் துணி நகர்ந்து நடுவில் கொசுவம் விழும். 14/90 ஊசி, 3 மி.மீ. தையல்; மெல்லிய ஊசி இந்தத் தடிப்பில் வளைந்து உடையும். கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுங்கள்: ஈரமாக இருந்தால் பிடிக்கக் கூடாது. ஈரத்துணி வழியாகச் சூடு நொடியில் கைக்கு வந்துவிடும்.

கிண்ணத்தோடு மைக்ரோவேவுக்குள் வைக்கும் துணிக்கூடு இப்போது பலரும் தைக்கிறார்கள். பாலியெஸ்டர் வாடிங்கோ ஜரிகையோ பளபளக்கும் நூலோ இருந்தால் உள்ளேயே தீப்பிடிக்கலாம். எல்லாமே காட்டன் என்றாலும் நேரம் கூடினால் கருகும். எங்கள் முடிவான பரிந்துரை: சூடாக்கியபின் கிண்ணத்தை வெளியே எடுத்துத் துணிக்கூட்டில் வைக்கட்டும், துணியை உள்ளே அனுப்பவே வேண்டாம்.

காசுப்பை

தீபாவளிக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அங்பாவ் காகித உறையைவிடப் பட்டுத் துண்டில் தைத்த சுருக்குப்பை அழகு. அதன்பிறகு நகைக்கோ குங்குமச்சிமிழுக்கோ பயன்படும். அளவைக் கண்மதிப்பில் வெட்டினால் நோட்டு மடங்கும். 50 ரிங்கிட் நோட்டு 14.5 செ.மீ. நீளம், 6.9 செ.மீ. அகலம். அது மடியாமல் நிற்க, முடிந்த பை 9.5 செ.மீ. அகலமும் 19 செ.மீ. உயரமும் இருக்கவேண்டும். வெளித்துணி 11.5 × 21 செ.மீ. இரண்டு, உள்துணி அதே அளவில் இரண்டு வெட்டுங்கள்.

பழைய சேலையிலிருந்து எடுக்கும் பட்டு என்றால் முதலில் இரண்டு கட்டைவிரலால் பிடித்து இலேசாக இழுத்துப் பாருங்கள், குறிப்பாக வருடக்கணக்கில் மடித்து வைத்திருந்த கோட்டில். இழை விலகினால் அந்த இடத்தைத் தவிருங்கள். மற்ற இடத்துக்கும் பின்னால் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உறுதித்துணி) போடுவது நல்லது. பட்டுக்கான இஸ்திரிச் சூட்டில், மேலே ஒரு காட்டன் துணி வைத்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். நேரடிச் சூட்டில் பிளாஸ்டிக் ஜரிகை சுருண்டுவிடும்.

ஒவ்வொரு வெளித்துணியின் மேல் ஓரத்தையும் ஓர் உள்துணியின் மேல் ஓரத்தோடு 1 செ.மீ. விட்டு இணையுங்கள். இரண்டு நீளத் துண்டுகள் கிடைக்கும். அவற்றை வெளித்துணி மேல் வெளித்துணி, உள்துணி மேல் உள்துணி என்று நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சுற்றித் தையுங்கள். வெளித்துணியின் இரு பக்கத்திலும், இணைத்த தையலிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி 1.5 செ.மீ. நீளம் தைக்காமல் விடவேண்டும். கயிறு போகும் வழி அதுதான். அந்த இடைவெளியின் இரு முனையிலும் முன்னும் பின்னும் தைத்துக் கெட்டிப்படுத்துங்கள். இதை விட்டால் கயிறை இழுக்க இழுக்கத் தையல் பிரிந்துகொண்டே போகும். உள்துணியின் அடியில் 6 செ.மீ. திறந்து விட்டுத் திருப்பி, பின் அதை மூடுங்கள். மேல் விளிம்பிலிருந்து 1.5 செ.மீ., 3 செ.மீ. ஆகிய இரண்டு இடங்களில் சுற்றிலும் தைத்தால் கயிற்றுப் பாதை தயார். கயிறு 36 செ.மீ. இரண்டு, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கோக்கவேண்டும்.

உள்துணி சுருங்கித் திரண்டு பைக்குள் பந்தாக நிற்கிறது என்பார்கள். உள்துணிப் பகுதியின் பக்கங்களை மட்டும் 1.2 செ.மீ. விட்டுத் தைத்தால் அது படிந்து உட்காரும். குண்டூசி பட்டில் தழும்பு வைக்கும். தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள். ஊசி 9/65 அல்லது 11/75, புதிது. மழுங்கிய ஊசி பட்டு இழையை இழுத்துக் கோடு போட்டுவிடும்.

ஒட்டுத்துணிக் குஷன் உறைக்குக் கணக்குதான் முக்கியம். வரிசைக்கு நாலு துண்டு வைத்து 40 செ.மீ. உறை வேண்டுமென்றால், இணைப்புக்கு 6 மி.மீ., ஓரத்துக்கு 1 செ.மீ. என்று வைத்து ஒவ்வொரு துண்டும் 11.4 செ.மீ. சதுரம் வெட்டவேண்டும். 6-க்குப் பதில் 7 மி.மீ. போனால் ஒரு வரிசையில் 6 மி.மீ. குறையும், அடுத்த வரிசையோடு மூலைகள் சேராது.

தோரணம் எளிது, எந்தத் துணியும் ஆகும். வாசலில் கட்டுங்கள். சாமி மேடையில், குத்துவிளக்குக்கு மேலும் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம். விசிறிக் காற்றில் சுடரும் ஆடும், துணியும் ஆடும்.

குழந்தைகளுக்கு என்றால்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தைக்கும் எதிலும் பொத்தான், மணி, கண்ணாடிச் சில்லு, ஒட்டும் கண் கூடாது. பன்னாட்டுப் பாதுகாப்புத் தரத்தில் சிறு பாகத்தைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் அடங்குவது குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் நூல் ஒருநாள் தேயும். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே பின்னிவிடுங்கள். 2 மி.மீ. தையலில் இரண்டு முறை ஓட்டுங்கள். மேலே சொன்ன காசுப்பையின் கயிறும் இந்த வயதுக்கு நீளம், கழுத்தில் சுற்றும். அவர்களுக்கு உறை போல மடிக்கும் பை தையுங்கள்.

பொம்மைக்குள் அரிசியோ பயறோ அடைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் வண்டு விழும், பூசணம் பிடிக்கும். பிறந்த குழந்தைக்குக் கடுகுத் தலையணை, குட்டித் தலையணை தைத்துக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. முதல் ஒரு வயதுவரை தூங்கும் இடத்தில் தலையணையும் அடைத்த பொம்மையும் இருக்கக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. எச்சில் துணி கொடுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியைக் கைக்குழந்தைக்குத் தொடவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீனின் நெடியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கலாம். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்வது இதனால்தான். பரிசு பெறும் குழந்தைக்கு அக்குறை உண்டா என்று நமக்குத் தெரியாது. வெயிலில் போட்டு நெடி போய்விட்டது என்று தோன்றினாலும் அந்தத் துண்டு பெரியவர்களின் பைக்குப் போகட்டும்.

தைத்து முடித்ததை இஸ்திரிச் சூட்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள். உள்ளே தங்கும் நீராவி கோலாலம்பூர் ஈரக்காற்றில் ஒரு வாரத்தில் கரும்புள்ளி போடும். ஓர் இரவு ஆறவிட்டுக் காகிதத்தில் சுற்றுங்கள். கூடவே சின்னச் சீட்டில் மூன்று வரி எழுதி வையுங்கள்: துணி எது, எப்படி அலசுவது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது. பட்டுப்பைக்கு 'பட்டு, தண்ணீரில் போடவேண்டாம், சிறு குழந்தையிடம் கொடுக்கவேண்டாம்' என்றால் போதும்.