முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் முன்: வாக்காளர் இடாப்பு, உறுதி, தூரம்

தை மாதம் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் முந்தின வருடத்தின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மார்கழியில் சப்பாத்தும் புத்தகப்பையும் வாங்கும்போதுதான் சிலருக்கு இது தெரிய வருகிறது. அயலில் உள்ளவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். படிவத்தில் பிழை விட்டுத் தோற்றவர்களை நான் அதிகம் கண்டதில்லை. வீட்டுப் பத்திரங்கள் யார் பெயரில், எத்தனை வருடமாக இருக்கின்றன என்பதில்தான் அநேகமானோர் தோற்றுப்போகிறார்கள்.

விதி சுருக்கமாக இதுதான். இலங்கைக் கல்வி அமைச்சு ஒவ்வொரு வருடமும் முதலாம் தரச் சேர்க்கைக்குச் சுற்றுநிருபம் வெளியிடும். தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை இரண்டுக்கும் அது பொருந்தும். சேரும் வருடத்தின் ஜனவரி 31ஆம் திகதிக்குள் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். இடங்களில் 50 வீதம் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரங்களுக்கு. மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் என்று பிரியும். பத்திரங்களைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் புள்ளி போட்டுத்தான் தெரிவு செய்வார்கள். அந்தப் புள்ளிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். அதனால் போன வருடத் தாளை வைத்துக் கணக்குப் பார்க்காமல் அந்த வருடச் சுற்றுநிருபத்தை எடுத்து வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் சனம் மாட்டுப்படுவது பெரும்பாலும் அந்த 50 வீதத்தில்தான்.

முதலாவது, வாக்காளர் இடாப்பு. கடந்த ஐந்து வருடங்களாகத் தாயும் தகப்பனும் அந்த முகவரியில் பதிந்திருக்கிறார்களா என்று வருடம் வருடமாகப் பார்ப்பார்கள். எங்கள் ஊர் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை மனைவியின் சீதன வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஆனால் அவருடைய பெயர் தாய் வீட்டு இடாப்பிலேயே கிடக்கிறது. தேர்தல் வந்தால் அங்கே போய் வாக்குப் போட்டுவிட்டு, அம்மாவின் கையால் ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருவார். யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது தகப்பனின் ஐந்து வருடப் புள்ளியும் இல்லாமல் போய்விடுகிறது. கலியாணம் முடித்த அடுத்த தடவையே, விதானையார் (கிராம அலுவலர்) இடாப்புத் திருத்தப் படிவம் கொண்டுவரும்போது பெயரை மாற்றுங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் தேடிப் போங்கள். படிவம் கொடுத்தால் மட்டும் போதாது, பெயர் ஏறியிருக்கிறதா என்று தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வலிகாமம் வடக்குக்காரருக்கு இதில் இன்னும் பெரிய சிக்கல். 1990இல் காங்கேசன்துறை, மயிலிட்டிப் பக்கத்திலிருந்து போரால் எழும்பி வந்தவர்களின் குடும்பங்களில் சிலர் காணியை விட்டுவிடக் கூடாது என்று பதிவைச் சொந்த ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். இருப்பதோ மானிப்பாயிலோ சுன்னாகத்திலோ வாடகைக்கு. காணியில் பற்று வைப்பது நியாயம்தான். ஆனால் பதிவு ஒரு ஊரிலும் இருப்பு வேறு ஊரிலும் என்றால் புள்ளி வராது. எது வேண்டும் என்று குடும்பமாக இருந்து முன்கூட்டியே முடிவெடுங்கள்.

இரண்டாவது, உறுதி, அதாவது வீடு காணியின் உரிமைப் பத்திரம். ஒரு தாய் என் வீட்டு விறாந்தையில் இருந்து பிளாஸ்ரிக் பையிலிருந்து ஒவ்வொரு கடதாசியாக எடுத்து மேசையில் பரப்பினார். கரண்ட் பில், தண்ணீர் பில், கிளினிக் கொப்பி வரை இருந்தது. உறுதி மட்டும் கனடாவில் இருக்கும் தமையனின் பெயரில். "அண்ணா எங்களைத்தானே இருக்கச் சொன்னவர், ஒன்பது வருசமா நாங்கள்தானே இருக்கிறம்" என்றார். நேர்முகத்தில் அந்த உறுதிக்கு அவருக்குப் புள்ளி கிடைக்கவில்லை. கரண்ட் பில்லும் தமையனின் பெயரில் இருந்ததால் மேலதிக ஆவணத்துக்கான புள்ளியும் போனது. ஒன்பது வருடம் அந்த வீட்டைக் கூட்டித் துடைத்தவருக்குக் கிடைத்த பதில், "கடதாசியில் நீங்கள் இல்லையே."

இதற்கு வழி இருந்தது. தமையன் அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக இங்கே ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம்) கொடுத்து, அவர் தங்கையின் பெயருக்குக் குத்தகை உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கலாம். முத்திரை ஒட்டி இரண்டு பேர் சாட்சி வைத்த வீட்டு வாடகைக் கடதாசியைப் பதிந்த குத்தகை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வீடு பிள்ளையின் அம்மம்மாவின் பெயரிலோ உங்கள் தகப்பனின் பெயரிலோ இருந்தால் புள்ளி உண்டு, ஆனால் குறைவு. சீதனமாகத் தருவதாக வாயால் சொன்ன வீட்டை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறுதி எத்தனை வருடம் பழையது என்பதும் கணக்கில் வருவதால், விண்ணப்பத்துக்கு முதல் மாதம் நொத்தாரிசிடம் ஓடினால் முழுப் பலன் கிடைக்காது. கரண்ட் பில்லின் பெயரையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, தூரம். இதைச் சரியாக விளங்கிக்கொண்ட பெற்றோர் குறைவு. வீட்டிலிருந்து பாடசாலைக்கு நேர்கோட்டுத் தூரம் பார்ப்பார்கள். அப்புறம், உங்கள் வீட்டை நடுவாக வைத்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு அரச ஆரம்பப் பாடசாலை எத்தனை இருக்கின்றனவோ, அத்தனைக்கும் புள்ளியைக் கழிப்பார்கள். எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒரு சைவ வித்தியாசாலை, சந்திக்கு ஒரு அ.மி.த.க. (அமெரிக்க மிஷன் தமிழ்க் கலவன்) பாடசாலை. 1960களின் தொடக்கத்தில் அரசு பொறுப்பேற்ற பழைய பள்ளிக்கூடங்கள் அவை. "பெரிய பள்ளிக்கூடம் ஒரு கிலோமீற்றர்தானே" என்று நம்பிப் போகிறவருக்கு, இடையில் நிற்கும் நாலு சின்னப் பள்ளிக்கூடங்களும் வரிசையாகப் புள்ளியைக் குறைத்துவிடும். இந்தக் கழிவை விண்ணப்பிக்க முன்னரே வீட்டில் இருந்து கணக்குப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் கிட்ட உள்ள சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் கையையும் பிடித்து அ, ஆ எழுத வைக்கும் ஆசிரியைகள் அங்கே இருக்கிறார்கள். பிள்ளை வராமல் அந்த வகுப்புகள் காய்ந்து போவதும் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய மாணவர் பிரிவில் விண்ணப்பிப்பவர்கள், தாங்கள் படித்த வகுப்புகள், பெறுபேறு, விளையாட்டுச் சான்றிதழ் எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். இரண்டு பிரிவில் தகுதி இருந்தால் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். ஒரே பாடசாலையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அலைச்சலைக் குறைக்கச் சில விஷயங்கள். விதானையாரின் உறுதிப்படுத்தலுக்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் போகலாம் என்று எண்ண வேண்டாம். விதானையார் கந்தோரில் இருக்கும் நாளைக் கேட்டறிந்து போங்கள், இல்லாவிட்டால் லீவு எடுத்த நாள் வீண். பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முன்னரே எடுத்து வையுங்கள். "போய்ட்டு நாளைக்கு வாங்கோ" என்பதற்கு அவர்களுக்கு அந்த ஒரு எழுத்து போதும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கையில் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு குடும்பத்துக்குப் பின்னர் "உங்கட விண்ணப்பம் வரேல்லையே" என்று சொன்னார்கள். காட்ட அவர்களிடம் ஒரு துண்டும் இருக்கவில்லை.

நேர்முகத்தில் உங்களுக்குப் போட்ட புள்ளியை வாசித்துவிட்டுக் கையொப்பம் வையுங்கள். அவசரப்படுத்தினாலும் வாசியுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டுக்கு வந்ததும் அந்த எண்ணிக்கையைக் கொப்பியில் குறித்து வையுங்கள். தற்காலிகப் பட்டியல் அறிவித்தல் பலகையில் போட்டதும் மேன்முறையீட்டுக்கான நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். நேர்முகத்தில் காட்டாத பத்திரத்தை அங்கே காட்டலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சேர்ப்பதற்காகப் பணமோ பொருளோ வாங்குவது தடை. "வகுப்புக்குக் கதிரை வாங்கித் தாங்கோ", "சங்கத்துக்கு ஒரு நன்கொடை" என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது அதுதான். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

புள்ளியில் அநியாயம் நடந்ததாகத் தெரிந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் புள்ளி விபரத்தை எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஆனால் பதில் வரும்வரை சும்மா காத்திருக்க வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, பாடசாலைச் சேர்க்கை முறைப்பாடுகளை எடுக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதிபரைச் சந்திக்க, வலயக் கல்விப் பணிமனைக்குப் போக, தெரிந்த ஒருவரைக் கொண்டு கதைக்க என்று மூன்று கிழமையை விட்டுவிட்டு நாலாம் கிழமை என்னிடம் வந்தவர்கள் உண்டு. முறைப்பாட்டை முதல் கிழமையிலேயே கொடுத்துவிட்டு, அதன் பிறகு யாரோடு கதைப்பதென்றாலும் கதையுங்கள்.