கோடை மழைக்கு ஏமாறாத பூஞ்சை

“சித்திரை வெயிலில் மண் வெந்து கிடக்கிறது. வேர்ப்பூஞ்சை செத்துத்தானே போயிருக்கும்? வருஷா வருஷம் வேம் வாங்கிப் போட வேண்டுமா?” மானாவாரியில் சோளம் போடும் நண்பர் கேட்டது இது.

வேம் என்பது வேருக்குள் புகுந்து செடியோடு கூட்டாக வாழும் பூஞ்சை, வேர் உட்பூசணம். அதன் வேலை தெரிந்ததுதான். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) இழுத்து வரும். செடி பதிலுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் தரும். மழைக்காலத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் மும்முரமாக நடக்கும். பயிர் முற்றி வேர் ஓய்ந்ததும் பூஞ்சை வித்துகளாகச் சுருண்டுவிடும்.

நண்பரின் மண்ணை வாளி நீரில் கலக்கி, மெல்லிய சல்லடையில் வடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். தேன் நிறத்தில் குட்டி உருண்டைகள், சிலவற்றுக்குச் சின்ன வால். பெரியவை அரை மில்லிமீட்டர்கூட வரும். உள்ளே எண்ணெய். இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்கத் தெரியாது. செடிதான் ஊட்டுகிறது என்பது 2017இல்தான் உறுதியானது. ஆக, அந்த எண்ணெய் போன வெள்ளாமையில் சேர்த்த விதைநெல்.

கோடை மழை ஒன்று பெய்கிறது. வித்து முளைத்து ஓர் இழையை விடுகிறது. மணிச்சத்துக்குப் பசித்த வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைத் துளித்துளியாகக் கசியவிடும். அது மண்ணில் சீக்கிரமே சிதைந்துவிடுவதால், அதன் வாடை அடித்தால் உயிருள்ள வேர் பக்கத்தில்தான் என்று அர்த்தம். உடனே இழை கிளைகிளையாக வெடிக்கும். ஜப்பானியர்கள் இதை 2005இல் கண்டுபிடித்தார்கள். (சோளத்தை உறிஞ்சும் சுடுமல்லியும் இதே வாடையை ஒட்டுக்கேட்டுத்தான் முளைக்கிறது. பொருளின் பெயரே அந்தக் களையின் அறிவியல் பெயரான ஸ்ட்ரைகாவிலிருந்து வந்ததுதான்.)

சரி, வேரே இல்லையென்றால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இழை கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அப்புறம் நுனியிலிருந்து தன் உயிர்ச்சாற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இழுக்க இழுக்க, காலியான பகுதிக்கு ஒவ்வொரு குறுக்குச்சுவர். கடைசியில் வெற்றுக்குழாய்தான் வெளியே கிடக்கும். மிச்ச எண்ணெயோடு அடுத்த மழைக்கு மறுபடி முளைத்துப் பார்க்கும்.

கோடை உழவைப் பற்றி, “சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்” என்பார்கள். மழைநீர் இறங்கும், கூட்டுப்புழு வெயிலில் காயும், உண்மைதான். ஆனால் மண்ணில் பின்னிக் கிடந்த இழைவலையும் அந்த உழவில் அறுந்துபோகும். பழமொழியில் அந்தக் கணக்கு இல்லை.

நண்பருக்குச் சொன்னது: வருஷா வருஷம் சோளமும் பயறும் போடுகிற நிலத்துக்கு வேம் பாக்கெட் அநேகமாக வேண்டாம். நெடுநாள் தரிசாகக் கிடந்தாலோ, இந்தப் பூஞ்சையைச் சேர்க்காத கடுகு, முட்டைக்கோஸ் போட்டிருந்தாலோ யோசிக்கலாம். பாக்கெட்டை விற்கக் காட்டும் அக்கறையில் பாதியை, அந்தந்த ஊர் மண்ணில் ஏற்கெனவே இருப்பதை எண்ணிப் பார்க்கக் காட்டலாம் என்பது என் ஆதங்கம். பெரிய செலவில்லை. வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து, பேனா மையும் வினிகரும் கலந்து ஊற்றினால், நுண்ணோக்கியில் பூஞ்சை நீலமாகத் தெரிந்துவிடும்.